ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சென்னைக் கட்டடங்களுக்கான தீயணைப்புக் குழாய் லைன், அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிங்க்ளர் என்பது தீயின் சூட்டில் தானே திறந்து கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் கருவி. அதைப் பற்றி அடுக்குமாடி அசோசியேஷன்காரர்கள், சொந்தமாகக் கட்டுகிறவர்கள், சைட் இன்ஜினியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குப் பாதி வாழ்க்கை பம்ப் ரூமில் போயிற்று. அதனால் பதில்கள் கொஞ்சம் பம்ப் ரூம் பக்கமே சாயும்.

மெட்ரோ வாட்டர் இணைப்பிலிருந்து நேராக ஸ்பிரிங்க்ளர் லைன் எடுக்க முடியாதா?

முடியாது. எடுத்தாலும் பயன் இல்லை.

இணையத்தில் அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அங்கே பல ஊர்களில் தெருவில் போகும் நகராட்சிக் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் நல்ல அழுத்தம் இருக்கும். அதிலிருந்தே தீயணைப்புக்குத் தனி இணைப்பு எடுத்து, கட்டடத்துத் தண்ணீர் திரும்பிக் குடிநீரில் கலக்காமல் தடுப்பு வால்வு போட்டு, குடிநீர் வாரியத்திடமும் தீயணைப்புத் துறையிடமும் அனுமதி வாங்குவார்கள். அங்கே 'அனுமதி' என்ற பேச்சில் பாதி அந்த இணைப்பைப் பற்றியதுதான்.

நம் ஊர்க் கதை வேறு. சென்னையில் தெருக் குழாய்த் தண்ணீர் தரைக்குக் கீழே இருக்கும் சம்பில் வந்து விழுந்தாலே பெரிய விஷயம். வீட்டு வாசலில் அடி பம்ப் வைத்து அடித்துத்தானே பல தெருக்களில் தண்ணீர் பிடித்தோம்? அந்தக் குழாயை நம்பிப் பத்தாவது மாடியில் ஸ்பிரிங்க்ளர் மாட்ட முடியாது. ஆகவே இங்கே ஸ்பிரிங்க்ளரின் தண்ணீர் லைன் உங்கள் சம்பிலிருந்துதான் தொடங்குகிறது. தொட்டி, பம்ப், மண்ணுக்குள் போகும் குழாய், மேலேறும் ரைசர், வால்வு எல்லாம் உங்கள் பொறுப்பு. தெருக் குழாய், போர் (ஆழ்துளைக் கிணறு), லாரி மூன்றும் தொட்டியை நிரப்பி வைக்க மட்டும்தான்.

எங்கள் கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயமா?

உயரம், பயன்பாடு, அடித்தளத்தின் (பேஸ்மென்ட்) பரப்பு இந்த மூன்றையும் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (என்.பி.சி. 2016) நான்காம் பகுதியில் அட்டவணை 7 என்று ஒன்று இருக்கிறது. எந்த வகைக் கட்டடத்துக்கு எது வேண்டும் என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். ஸ்பிரிங்க்ளரை எப்படி வடிவமைப்பது என்பதற்குத் தனியாக ஐ.எஸ். 15105 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது.

குழப்பம் வருவது உயரக் கணக்கில். என்.பி.சி. 15 மீட்டரிலிருந்து உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போடுகிறது. 'நாங்கள் 18 மீட்டர்தான், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்' என்று மகிழ்ச்சியாக வருவார்கள். கீழே கார் நிறுத்தும் அடித்தளம் இருக்கும். குடியிருப்பே ஆனாலும், 200 சதுர மீட்டரைத் தாண்டிய அடித்தளத்துக்கு ஸ்பிரிங்க்ளர் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. கட்டடம் குட்டையாக இருப்பதால் அது நீங்காது. ஜவுளிக்கடை, ஓட்டல், மருத்துவமனை என்றால் இன்னும் கடுமை.

அனுமதிக்கு யாரிடம், எந்த வரிசையில் போக வேண்டும்?

உயர்மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளியே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). அந்தத் திட்ட அனுமதிக்கு முன்பே தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். எல்லோரும் என்.ஓ.சி. என்றே சொல்வார்கள்.

கட்டி முடித்த பிறகு அதே துறையிடம் மறுபடி போக வேண்டும். என்.ஓ.சி.யில் சொன்னபடி எல்லாம் செய்திருக்கிறீர்கள் என்பதற்கான இணக்கச் சான்று அது. நிறைவுச் சான்றிதழ் அதற்கு அப்புறம்தான். நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் நின்றுபோகும். கடைசியாக, கட்டடத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு தீயணைப்பு உரிமம். காலாவதித் தேதி உரிமத்திலேயே இருக்கும், அதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும்.

நடைமுறையில் அடி வாங்கும் இடம் ஒன்று உண்டு. என்.ஓ.சி. வாங்கும்போது கட்டடக் கலைஞர் ஒரு வரைபடம் கொடுத்திருப்பார். இரண்டு வருடம் கழித்து பிளம்பிங் ஆட்கள் வேறு இடத்தில் சம்பு தோண்டியிருப்பார்கள், பம்ப் ரூம் பக்கத்துப் பிளாக்கில் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர் கையில் இருப்பதோ பழைய வரைபடம். மாற்றம் செய்யத்தான் வேண்டுமென்றால் திருத்திய வரைபடத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்தில் தண்ணீர் லைன் பற்றி என்னென்ன இருக்க வேண்டும்?

தொட்டிகளின் இடமும் கொள்ளளவும், பம்ப் ரூமும் அதற்குள் போகும் வழியும், கட்டடத்தைச் சுற்றிப் போகும் வளையக் குழாய், ரைசர்கள், ஒவ்வொரு மாடியின் கட்டுப்பாட்டு வால்வு, தீயணைப்பு வண்டி தண்ணீர் செலுத்தும் வாய். குழாயின் விட்டம் ஒவ்வொரு துண்டிலும் எழுதியிருக்க வேண்டும்.

விட்டம் எப்படி வருகிறது என்பது ஒரு சின்னக் கணக்கு. நடுத்தர ஆபத்துள்ள இடத்துக்கு நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விழ வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். மழைக்கணக்கு மாதிரிதான். 5 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர். ஒரு ஸ்பிரிங்க்ளர் 12 சதுர மீட்டரைப் பார்த்துக்கொண்டால் நிமிடத்துக்கு 60 லிட்டர் விட வேண்டும். வழக்கமான கே-80 ஸ்பிரிங்க்ளர் (1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் விடுவது) 60 லிட்டர் விட அதன் வாயில் ஏறக்குறைய 0.56 பார் அழுத்தம் வேண்டும். தீ எரியும் இடத்தில் பல ஸ்பிரிங்க்ளர்கள் திறந்திருந்தாலும் கடைக்கோடியில் உள்ளதற்கு அந்த அழுத்தம் போய்ச் சேர வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வந்துதான் குழாய் விட்டமும் பம்பின் அளவும். 'போன சைட்டில் 100 எம்.எம். போட்டோம், இங்கேயும் அதுவே' என்பது வடிவமைப்பு ஆகாது.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாகவே இறங்கட்டுமே, பம்ப் எதற்கு?

10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். கீழ்த்தளங்களுக்குச் சரி, ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மாடிக்குத் தொட்டி மூன்று நான்கு மீட்டர் மேலேதான் இருக்கிறது. மேலே சொன்ன 0.56 பார் எங்கிருந்து வரும்? அதனால்தான் மொட்டை மாடியில் தொட்டி வைத்தாலும் அங்கேயே ஒரு பம்பும் வைக்கிறார்கள்.

குடிநீருக்கும் தீயணைப்புக்கும் ஒரே சம்பு போதாதா?

ஒரே சம்பில் வைக்காதீர்கள். இரண்டு சம்பு, அல்லது நடுவில் சுவர் வைத்த ஒரு சம்பு. வெளியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழ வேண்டும். அது நிரம்பி வழிந்தால்தான் வீட்டு உபயோகத் தொட்டிக்குப் போக வேண்டும். என்.பி.சி. சொல்வதும் இதைத்தான். எளிய ஏற்பாடுதான், ஆனால் அழகானது. தீயணைப்புத் தண்ணீர் தேங்கி நாற்றம் பிடிக்காது, அதன் மட்டமும் குறையாது. வீட்டுப் பம்பின் உறிஞ்சு குழாய் தீயணைப்புப் பக்கம் எட்டவே கூடாது.

2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியபோது, ஒரு குடியிருப்பில் தீயணைப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சப்மெர்சிபிள் பம்ப், அதிலிருந்து ஒரு பச்சை ஹோஸ். தரையில் முழங்கால் அளவு தண்ணீர். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, பத்து நாளாகக் குளிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள். ஆனால் அந்த மாதம் முழுக்க அந்தக் கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் வெறும் அலங்காரம்தான்.

அளவு பற்றி ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும் பம்ப் முழு வேகத்தில் ஓடினால் 75,000 லிட்டர் தொட்டி 33 நிமிடத்தில் காலி. பெரிய தொட்டி என்று நினைப்பீர்கள், அரை மணி நேரம்தான். தொட்டிக்கு மேல் தீயணைப்பு வண்டி ஏறிப் போகும் வழி இருந்தால், மேல் தளம் 45 டன் தாங்க வேண்டும் என்பதையும் கட்டுமானப் பொறியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், வேறு வழி இல்லாத இடங்கள் நிறைய. ஆனால் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கத்து உப்புத் தண்ணீர் இரும்புக் குழாயை உள்ளேயிருந்து தின்னும். நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் லைனை நிரப்பிவிட்டு அப்படியே விடுங்கள். அடிக்கடி வடித்து வடித்து நிரப்பினால் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகும், துருவுக்கு அதுதான் தீனி.

மண்ணுக்குள் எந்தக் குழாய், எவ்வளவு ஆழம்?

வழக்கம் கனமான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புக் குழாய், ஐ.எஸ். 1239 'சி' கிளாஸ். கடைக்காரரிடம் 'ஹெவி' என்றால் புரியும். குழாயின் மேல் ஒரு மீட்டராவது மண் இருக்கட்டும். கட்டடத்துக்கு அடியில் குறுக்கே கொண்டுபோகாதீர்கள். பின்னால் ஒழுகினால் யார் வீட்டு ஹாலை உடைப்பது?

வெளிப்புறத்துக்குப் பூச்சும் டேப்பும் கட்டாயம். குழாயைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, தார் டேப்பைச் சூடு காட்டிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறி உட்கார வேண்டும். குழாயைச் சங்கிலி போட்டுத் தூக்கிப் பள்ளத்தில் இறக்கும்போது டேப் கிழியும். அந்தக் கிழிசல்தான் ஐந்து வருடம் கழித்து ஓட்டை. கீழே மணல் படுக்கை, மேலேயும் மணல், அதற்குப் பிறகுதான் தோண்டிய மண். கட்டட இடிபாட்டை உள்ளே தள்ளி மூடுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திச் சண்டை போடுங்கள்.

நான் எப்போதும் குனிந்து பார்ப்பது வெல்டின் அடிப்பக்கம். பள்ளத்தை மேஸ்திரி குழாய் அகலத்துக்கே தோண்டியிருப்பார். வெல்டர் மேலிருந்து பாதி வட்டம் அருமையாகப் போடுவார். குழாய்க்கு அடியில் கை போகாது, கண்ணும் போகாது. ஒரு சைட்டில் ரோடு போடுகிறவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று டெஸ்ட் பண்ணாமலே பள்ளத்தை மூடிவிட்டார்கள். பிறகு அழுத்தம் ஏற்றினால் அழுத்தமானியின் முள் நிற்கவில்லை. புது ரோட்டை மூன்று இடத்தில் வெட்டித் தேடினோம். மூன்றாவது இடத்தில் ஒரு மூட்டின் அடியில் தீப்பெட்டி நீளத்துக்கு வெல்டே இல்லை. அப்போதிருந்து, மூட்டு வரும் ஒவ்வொரு இடத்திலும் ஆள் உட்கார்ந்து வேலை செய்யப் பள்ளத்தை அகலமாகவும் ஆழமாகவும் எடுத்துக் கொடுத்தால்தான் வேலை ஆரம்பிப்பது.

பிளாஸ்டிக் குழாய் போடலாமா?

வீட்டுக்குப் போடும் சாதாரண சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) கூடாது. ஸ்பிரிங்க்ளருக்கென்றே தனி சி.பி.வி.சி. இருக்கிறது, அதற்கு ஐ.எஸ். 16088 என்று தரநிலையும் உண்டு. ஆபத்து குறைந்த இடங்களில், எப்போதும் தண்ணீர் நிரம்பிய லைனில் பயன்படுத்துகிறார்கள். போடுவதற்கு முன் என்.ஓ.சி. நிபந்தனையைப் படியுங்கள்.

பம்ப் ஏன் மூன்று?

ஒன்று மின்சாரத்தில் ஓடும் மெயின் பம்ப். இன்னொன்று அதே திறனில் டீசல் பம்ப், மின்சாரம் போனால் ஓட. மூன்றாவது சின்ன ஜாக்கி பம்ப், வழக்கமாக நிமிடத்துக்கு 180 லிட்டர். லைனில் சின்னச் சின்னக் கசிவால் அழுத்தம் இறங்கும்போது ஜாக்கி ஓடி ஏற்றிவிட்டு நின்றுகொள்ளும். ஸ்பிரிங்க்ளர் திறந்தால் ஜாக்கியால் ஈடுகட்ட முடியாது, அழுத்தம் மேலும் இறங்கும், மெயின் பம்ப் எழும். அதுவும் ஓடவில்லை என்றால் டீசல். மெயின் பம்ப் தானாக ஓட வேண்டும், ஆனால் தானாக நிற்கக் கூடாது. தீ அணைந்ததா என்று மனிதன் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஜாக்கி பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பம்பை மாற்றாதீர்கள், ஒழுகலைத் தேடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு விஷயம்: தீ என்றதும் முதலில் கட்டடத்தின் மெயினை அணைப்பார்கள். பம்புக்கான கேபிள் அந்த மெயினுக்கு முன்பிருந்தே தனியாக வர வேண்டும். இல்லையென்றால் தேவைப்படும் நேரத்தில் நீங்களே பம்பையும் அணைத்திருப்பீர்கள்.

பம்ப் ரூமை அடித்தளத்தில் வைக்கலாமா?

விதிப்படி இரண்டாவது அடித்தளத்துக்குக் கீழே போகக் கூடாது, தரைமட்டத்திலிருந்து நேர் வழி இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் தரைமட்டத்துக்கு அருகிலேயே வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையின் அடித்தளங்கள் கார்களோடு சேர்த்து நிரம்பியதைப் பார்த்தோமே. ஆனால் ஒன்று, பம்பின் மட்டம் தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானே பம்புக்குள் வந்து நிற்கும். மேலே வைத்து உறிஞ்ச விட்டால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) ஒரு நாள் கைவிடும், பம்ப் காற்றை மென்றுகொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இடம் தேட வேண்டும். மனை சின்னதாக இருந்தால் இதுதான் வடிவமைப்பில் தலைவலி.

ஹைட்ரோ டெஸ்ட் என்றால் என்ன, எப்போது?

லைனில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, இறங்குகிறதா என்று பார்ப்பது. 9 கிலோவில் ஓடும் லைன் என்றால் ஏறக்குறைய 14 கிலோ (அழுத்தத்தில் 1 கிலோ என்பது ஏறக்குறைய 1 பார்). மண்ணுக்குள் போகும் பகுதியை மூட்டுகள் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும். காரணம் மேலே சொல்லியாயிற்று.

நிரப்பும்போது மெதுவாக, உச்சியில் காற்று வால்வைத் திறந்து வைத்து நிரப்புங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அது ஸ்பிரிங் மாதிரி. சின்ன ஒழுகல் இருந்தாலும் முள்ளை உடனே இறங்க விடாது, ஏதாவது மூட்டு பிய்ந்தால் வெடித்த மாதிரி அடிக்கும். கேஜ் (அழுத்தமானி) இரண்டு வையுங்கள். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். காலையில் வெயிலில் ஏற்றிவிட்டு இரவு பார்த்தால் முள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது குளிர்ச்சியால். மறுநாள் அதே நேரத்தில் பார்த்துவிட்டுப் பதறுங்கள்.

டெஸ்டைவிட அதிகம் ஏமாற்றப்படுவது கழுவி விடுவது. ஸ்பிரிங்க்ளர் மாட்டுவதற்கு முன்பே பெரிய வாயைத் திறந்து பம்பை ஓட்டி லைனைக் கழுவ வேண்டும். சாக்கை வாயில் கட்டிவிட்டுப் பாருங்கள்: வெல்டிங் ராடு துண்டு, துருச் செதில், ஜல்லி, ஒரு முறை ஒரு முழுக் கையுறையே வந்தது. இதில் எது போய் ஸ்பிரிங்க்ளருக்கு இறங்கும் 25 எம்.எம். குழாயில் உட்கார்ந்தாலும் அந்த ஸ்பிரிங்க்ளர் செத்த கணக்கு.

வாசலில் இருக்கும் சிவப்பு வாய்கள் எதற்கு?

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் கொடுப்பதற்கு. 63 மி.மீ. வாய்கள், நேராக லைனுக்குள் ஒன்று, தொட்டியை நிரப்ப ஒன்று. முன்னே சொன்ன 33 நிமிடத்துக்குப் பிறகு உங்கள் கட்டடம் இதை நம்பித்தான் இருக்கும். அதன் முன்னால் பைக் நிறுத்துகிறார்கள், கோலமாவு டப்பா வைக்கிறார்கள். எது லைனுக்கு, எது தொட்டிக்கு என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒன்று திறந்தால் கட்டடம் முழுக்கக் கொட்டுமா?

இல்லை. சினிமாவில் மட்டும். ஒவ்வொன்றிலும் தனிக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடையும். சூடு எட்டியது மட்டுமே திறக்கும்.

ஆய்வு நாளில் என்ன பார்ப்பார்கள்?

தொட்டியின் அளவு, பம்புகள் தானாக ஓடுகின்றனவா, உச்சி மாடி ஹைட்ரன்டில் (தீயணைப்பு ஹோஸ் மாட்டும் குழாய் வாய்) அழுத்தம் (என்.பி.சி. கேட்பது 3.5 கிலோ), டீசல் பம்பின் பேட்டரி, ஒவ்வொரு மாடியிலும் சோதனை வால்வைத் திறந்தால் மணி அடிக்கிறதா. முதல் நாளே நீங்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டீசல் பேட்டரி செத்துக் கிடந்த ஆய்வுகளுக்குக் கணக்கே இல்லை.

எல்லாம் முடிந்தது. இனி யார் பார்த்துக்கொள்வது?

அமெரிக்காவில் ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாத தீ விபத்துகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் காரணம் லைனை யாரோ மூடி வைத்திருந்ததுதான். இங்கே வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதாவது ஒரு வீட்டில் இன்டீரியர் வேலை நடக்கும், மாடி வால்வை மூடுவார்கள், வேலை முடிந்ததும் திறக்க மறப்பார்கள். அல்லது பம்ப் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பேனலை 'மேனுவல்' பக்கம் திருப்பி வைப்பார்கள்.

வால்வுகளைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். வாரம் ஒரு நாள் காலை, செக்யூரிட்டியோ எலெக்ட்ரீஷியனோ ஒருவர் பம்ப் ரூமுக்குப் போய் மூன்று பம்பையும் ஓட்டி, கேஜ் எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் அந்தச் சாவி. அது அசோசியேஷன் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. அவர் ஊருக்குப் போயிருப்பார். வாசல் செக்யூரிட்டி அறையில், ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கட்டும்.